கீழக்கரையில் ஒரு பழம்பொருள் கடை

பழம்பொருள் என்றாலே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போவதுதான் நம் பக்கத்துப் பழக்கம். கதவும் தூணும் எனாமல் தூக்கும் வாங்க அதுவே சரியான இடம். ஆனால், பிற நாடுகளின் நாட்டுப்புறக் கலைப்பொருள்களைச் சேர்ப்பவர்கள், கீழக்கரையின் பழைய தெரு ஒன்றில் வீட்டின் முன்கட்டிலேயே நடக்கும் இந்தச் சிறிய கடையையும் பார்த்துவிடுவது நல்லது. கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று கடல் கடந்து வணிகம் செய்த குடும்பங்களின் ஊர் இது. ஆகவே இங்குள்ள பொருள்களில் பல, விற்பதற்காகத் தருவிக்கப்பட்டவை அல்ல, வீட்டுப் புழக்கத்துக்கென வந்து தங்கி, பாகப்பிரிவினையின்போதோ பழைய வீட்டை இடிக்கும்போதோ வெளியே வந்தவை.

முதலில் பார்க்க வேண்டியவை பர்மாவின் வெற்றிலைப் பெட்டிகள். மூங்கில் கீற்றுகளைச் சுற்றியும் பின்னியும் உருவம் செய்து, ‘திட்சி’ என்னும் மரப்பாலை அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் உலரவைத்து, பிறகு கூர்முனையால் கோலம் கீறி அதில் வண்ணம் நிரப்புவது பகான் ஊரின் முறை. சிவப்புக்குச் சாதிலிங்கம் என்னும் செந்நிறக் கனிமப் பொடியைச் சேர்த்திருக்கிறார்கள். மிக உயர்ந்த வகையில் மூங்கிலோடு குதிரை மயிரையும் சேர்த்துப் பின்னுவதால், பெட்டியின் விளிம்பை விரல்களால் அழுத்தினால் வளைந்து கொடுத்து மீண்டும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கடைக்காரரின் அனுமதி பெறாமல் யாரும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். பழமையை அறியத் தேய்மானத்தைப் பார்ப்பதே எளிது: மூடியைத் தூக்கும் இடத்திலும் உள்தட்டின் ஓரத்திலும் மேல்பூச்சு போய் அடிப்பூச்சு தெரிய வேண்டும், சுண்ணாம்புக் கறை இருந்தால் இன்னும் நல்லது. எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. நான் எடுத்த பெட்டிக்கு 6,500 ரூபாய் கொடுத்தேன். உள்தட்டு இரண்டும் குறையாமல் இருந்ததால் அது நியாயமான விலை என்றே கருதுகிறேன்.

இலங்கையின் அம்பலாங்கொடை முகமூடிகளும் கணிசமாக இருக்கின்றன. பதினெட்டு நோய்ப் பேய்களை ஓட்டும் சன்னிச் சடங்கில் அணிபவை, கோலம் என்னும் நாட்டுப்புற நாடகத்துக்கு உரியவை, சுவரில் மாட்டுவதற்கென்றே செய்தவை ஆகிய மூன்றும் கலந்தே தொங்குகின்றன. ஆடுபவர் அணிந்த முகமூடி என்றால் பார்ப்பதற்குத் துளை இருக்கும்; உட்புறம் நன்றாகக் குடையப்பட்டு, வியர்வை பட்டுக் கறுத்திருக்கும். இந்தக் கடையை நான் மதிப்பதற்கு முக்கியக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஊரார் ‘காக்கா’ (அண்ணன்) என்று அழைக்கும் உரிமையாளர், சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்த முகமூடிகளின் பின்புறம் ‘புதுச் சரக்கு’ என்று தம் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். விலையும் அதற்கேற்பக் குறைவு.

ரவிவர்மா அச்சுப் படங்களில் இந்த நேர்மை போதவில்லை. ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் கல்லச்சுப் படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் புள்ளிகள் கையால் இட்டவைபோல் ஒழுங்கற்றுத் தெரியும். இன்றைய ஆப்செட் அச்சில் அவை வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். இங்கே பழைய தேக்குச் சட்டத்துக்குள் புதிய அச்சைப் பொருத்திய படங்கள் இருக்கின்றன, அவற்றில் எந்தச் சீட்டும் இல்லை. சில பொருள்களோடு சொல்லப்படும் தனுஷ்கோடிக் கதைகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1964 புயலில் தப்பியது என்று சொல்லப்படும் ஒரு பொருளுக்கு ஆவணமோ பழைய புகைப்படமோ இல்லையென்றால், அந்தக் கதைக்காகத் தனியே பணம் கொடுப்பது வீண்.

பராமரிப்பில் பெரும் குறை பித்தளையில்தான். கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் களிம்பு சீக்கிரம் ஏறும் என்பது உண்மையே. அதற்காக விளக்கையும் செம்பையும் புளி போட்டுப் பளபளக்கத் தேய்த்து வைப்பது, பல ஆண்டுகளில் படிந்த நிறத்தையும் சேர்த்தே கரைத்துவிடுகிறது. சேகரிப்பவருக்கு அந்த நிறத்துக்கும் விலை உண்டு. ஜாவாவின் எருமைத்தோல் நிழற்பாவைகளைச் சுருட்டாமல், தாள் இடையிட்டுத் தட்டையாக வைத்திருப்பவர் பித்தளையை மட்டும் இப்படி நடத்துவது வியப்பாக இருக்கிறது.

யானைத்தந்தமோ பவளப்பாறைத் துண்டோ கடையில் இல்லை. மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊரில் இதைக் குறிப்பிட்டுச் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் இரண்டின் விற்பனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோக நினைப்பவர்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும்: நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளையும், எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புமிக்க சுவடிகளையும் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. அதற்கு உட்படாத பொருள் என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கிக்கொள்ளலாம். இதற்கு உதவும் வகையில், பொருளின் விவரம், அளவு, மதிப்பிட்ட வயது ஆகியவற்றை எழுதியே கடையில் ரசீது தருகிறார்கள்; கேட்டால் புகைப்படமும் இணைக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும். முகமூடியையும் பெட்டியையும் வைக்கோல் வைத்துக் கட்டிப் பார்சலில் அனுப்புகிறார்கள். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களை மட்டும் அனுப்ப மறுக்கிறார்கள் என்பதால், அவற்றுக்கு வண்டியோடு நேரில்தான் போக வேண்டும்.