எந்தக் கால் வலிக்குது என்று கேட்ட மண்ணடி பாய்

இந்த ஆடியில் குடும்பத்தோடு தண்டையார்பேட்டைக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு, திரும்பும்போது அம்மாவையும் சிங்கப்பூருக்குக் கூட்டி வந்தோம். விமானத்தில் சீட் எடுக்கிற விஷயத்தில் போகும்போது பட்ட பாடு ஒன்று, வரும்போது மண்ணடியில் ஒரு சின்ன டிராவல்ஸ் கடையில் கிடைத்த உதவி ஒன்று. வயதான அப்பா அம்மாவை முதல்முறையாக விமானத்தில் ஏற்றப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் இரண்டையும் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் போன கதை. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். மலிவு விலை டிக்கெட் என்றால் பெரும்பாலும் நடுவில் ஒரே ஒரு வழி உள்ள சின்ன விமானம்தான், இந்தப் பக்கம் மூன்று சீட், அந்தப் பக்கம் மூன்று. விமானத்தின் மூக்கைப் பார்த்து நின்றால் இடது பக்கம் ஏ, பி, சி. வலது பக்கம் டி, இ, எஃப். ஏ-யும் எஃப்-உம் ஜன்னல், சி-யும் டி-யும் வழி ஓரம், பி-யும் இ-யும் நடுசீட்.

என் மகளுக்கு 5 வயது. மேலிருந்து ஹார்பரைக் காட்டுகிறேன், ஆயா வீடு அதற்குப் பின்னால்தான் இருக்கிறது என்று இரண்டு மாதமாக அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்காகவே எஃப் வரிசையில் ஜன்னல் எடுத்தேன். காரணம் இருக்கிறது. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிற காலை நேரத்தில் விமானம் கடல் பக்கமிருந்து அடையாறு மேலாக வரும். அப்போது வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வடக்கே சென்னை முழுக்கத் தெரியும். மெரினா கலங்கரை விளக்கம், ஹார்பர் கிரேன்கள், காசிமேடு, வானம் தெளிவாக இருந்தால் எண்ணூர்ப் பக்கத்து வடசென்னை அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் வரை. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழுந்துவிட்டால் கதை மாறும். ஐப்பசி, கார்த்திகையிலும் அப்படித்தான், மேற்கிலிருந்து இறங்கும், அப்போது செம்பரம்பாக்கம் ஏரி ஏ பக்கத்தில் தெரியும். ஆகவே காலையில் வந்து சேரும் விமானம், எஃப் சீட், அதுவும் இறக்கை மறைக்காத பின்வரிசை என்று கணக்குப் போட்டு, அதற்குத் தனியாகப் பணமும் கட்டியிருந்தேன். எனக்கு நீளமான கால், எனக்கு மட்டும் எமர்ஜென்சி கதவு வரிசையில் ஒரு சீட்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது விமானத்தையே மாற்றிவிட்டார்கள். நான் சீட் எடுத்தது ஏர்பஸ் ஏ321 விமானத்தில். வந்தது ஏ320. பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் ஏ321 கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம் கூடுதல், கதவுகள் இருக்கும் இடமும் வேறு. கதவு வரிசை என்று நான் காசு கொடுத்த எண் இந்த விமானத்தில் சாதாரண வரிசை. என்னைக் கொண்டுபோய் எங்கேயோ ஒரு நடுசீட்டில் போட்டிருந்தார்கள். மெயில் ஒன்று அனுப்பியிருந்தார்கள்தான், நேரம் மாறவில்லை, விமானம் மட்டும் மாறியிருக்கிறது என்று இரண்டு வரி. சீட் கலைந்துபோனதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. இதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

மகளுக்கு எஃப் சீட்டே கிடைத்தது. ஆனால் போய் உட்கார்ந்தால் அவள் பக்கத்தில் வெறும் சுவர். ஜன்னல் அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது. இது பலருக்கும் நடக்கிறது. ஏர்பஸ் 320 வகையில் விமானத்தின் உடம்புச் சட்டங்களுக்கு ஏற்ப சுமார் 53 செ.மீ.க்கு ஒரு ஜன்னல், அதை மாற்ற முடியாது. சீட்டுகளை எத்தனை இடைவெளியில் போடுவது என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம், 28 அங்குலம், 29 அங்குலம், 30 அங்குலம் என்று. இரண்டும் ஒத்துப்போகாததால் சில வரிசைக்கு ஒன்றரை ஜன்னல் கிடைக்கும், சில வரிசைக்குச் சுவர்தான். ஜன்னல் சீட் என்று பணம் வாங்குகிறவர்கள் சுவர் வரும் வரிசை எது என்று படத்தில் குறித்துக் காட்டலாம். அவர்களுக்குத் தெரியாத விஷயமா அது?

பின்வரிசையில் திருவாரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், கப்பல் பட்டறையில் வேலை, இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போகிறார். அவர் சீட்டுக்கு ஜன்னல் நேராக இருந்தது. இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு, பெல்ட் விளக்கு எரிவதற்குள், "பாப்பா இங்க வரட்டும்ணே, நான் அங்க உக்காந்துக்கிறேன்" என்று அவரே எழுந்துவிட்டார். நாங்கள் கேட்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஊரைப் பார்க்கப் போகிறவர் விட்டுக்கொடுத்த ஜன்னலில்தான் என் மகள் ஹார்பரைப் பார்த்தாள். கிரேன்களை ஒட்டகச்சிவிங்கி என்றாள்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு மெட்ரோ. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை பாதை திறந்ததிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஊருக்கு வருவதே சுலபமாகிவிட்டது. முன்பெல்லாம் மவுண்ட் ரோட்டில் டாக்சிக்குள் உட்கார்ந்து வெந்துகொண்டிருப்போம். இப்போது ஏறின ரயிலிலேயே தண்டையார்பேட்டையில் இறங்கலாம், கட்டணம் அதிகபட்சமே 50 ரூபாய்தான். பெட்டி அதிகம் இருந்தால், இல்லை நடுராத்திரி விமானம் என்றால் மட்டும் டாக்சி.

அம்மாவுக்கு 68 வயது. வலது முட்டி தேய்மானம். மடக்கி அரை மணி நேரம் உட்கார்ந்தால் எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நாலு மணி நேரம் எப்படி என்று பயந்துகொண்டுதான், விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் சேர்த்து மண்ணடியில் அந்தக் கடைக்குப் போனேன். அப்பா இருந்த காலத்திலிருந்தே எங்கள் தெருக்காரர்கள் அங்கேதான் டிக்கெட் போடுவார்கள். மெட்ரோவில் மூன்றாவது ஸ்டேஷன், இறங்கி ஒரு சந்துக்குள் போனால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. கடைக்காரர் பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

நான் போன உடனே, எமர்ஜென்சி வரிசையில் அம்மாவுக்கு ஒரு சீட் போடுங்கள், காலை நீட்டிக்கொள்ளட்டும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "குடுக்க மாட்டாங்க தம்பி. அவசரம்னா அந்தக் கதவ தொறந்து வெளிய தள்ளணும், முட்டி வலிக்காரங்கள எப்படி உக்கார வைப்பாங்க? வீல்சேர் வேற கேக்கப் போறீங்க." சரி, முதல் வரிசை? அதற்கும் வேண்டாம் என்றார். முன்னால் சீட் கிடையாது, அதனால் பையைக் காலடியில் வைக்க முடியாது, மருந்துப் பையைக்கூட மேலே ஏற்றச் சொல்வார்கள். சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள்ளே மடங்கியிருப்பதால் அந்தக் கைப்பிடி தூக்க வராது, உட்காரும் அகலமும் கொஞ்சம் குறையும்.

அப்புறம்தான் கேட்டார். "அம்மாவுக்கு எந்தக் கால் வலி?"

வலது கால் என்றேன். "அப்ப சி. டி வேணாம்" என்றார். எனக்குப் புரியவில்லை. பழைய டைரித் தாள் ஒன்றை எடுத்து மூன்று கட்டம், ஒரு கோடு, மூன்று கட்டம் வரைந்து காட்டினார். சி-யில் உட்கார்ந்தால் வழி வலது கைப்பக்கம் வரும், வலது காலை அந்தப் பக்கம் நீட்டிக்கொள்ளலாம். டி-யில் உட்கார்ந்தால் வழி இடது பக்கம், நல்ல காலுக்குத்தான் இடம் கிடைக்கும், வலிக்கிற கால் பக்கத்து ஆளின் முட்டியோடு மடங்கியே கிடக்கும். தள்ளுவண்டி வரும்போது மட்டும் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பதினான்கு வருடமாக நான் பறந்துகொண்டிருக்கிறேன், சி-யும் டி-யும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

"மொதல்ல என்ன வண்டின்னு பாக்கணும்" என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை. அன்றைக்குக் காலையில் இரண்டு விமானம் இருந்தது, விலை ஏறக்குறைய ஒன்றே. ஒன்று போயிங் 737, இன்னொன்று ஏ320. உள் அகலம் 737-இல் 3.54 மீட்டர், ஏ320-இல் 3.70 மீட்டர். ஆறு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு அங்குலம் வரும். ஒரு அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், சேலை கட்டி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இரண்டு கைப்பிடிக்கு நடுவில் உட்கார்ந்து பார்க்கட்டும். 737-இல் இறக்கைக்கு முன்னால் இடது பக்கம் ஒரு இடத்தில் ஜன்னலே இருக்காது, ஏசிக் குழாய் அந்தச் சுவருக்குள் மேலே ஏறுகிறது என்பதையும் அவர்தான் சொன்னார். ஏ320 எடுத்தோம்.

நாங்கள் நாலு பேர். மகளுக்கு ஏ, மனைவிக்கு பி, அம்மாவுக்கு சி, வழிக்கு அந்தப் பக்கம் எனக்கு டி. கை நீட்டினால் அம்மாவைத் தொடலாம். காலையில் சென்னையிலிருந்து தென்கிழக்காகப் போகும்போது ஏ பக்கம் வெயில் அடிக்கும், பாப்பா ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டுக்கொள்ளட்டும் என்றார். ஐந்தாவது வரிசை. அது இன்ஜினுக்கு முன்னால் என்பதால் இரைச்சல் குறைவு. முன்பக்கக் கழிப்பறை நாலு எட்டுத்தான். நூற்று எண்பது பேர் ஒரே வழியில் இறங்கும்போது கடைசியில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். குலுக்கலுக்குப் பயப்படுகிறவர்களாக இருந்தால் இறக்கைக்கு மேலே போடுவாராம், அங்கேதான் ஆட்டம் குறைவு, வால் பக்கம் அதிகம். அம்மா காசிமேட்டுக்காரர் மகள், குலுக்கல் அவருக்கு ஒரு பொருட்டில்லை.

நாலு சீட்டுக்கும் பணம் கட்டத்தான் வேண்டுமா என்று கேட்டேன். 12 வயதுக்குள் இருக்கும் குழந்தையைப் பெற்றோரில் ஒருவரோடாவது உட்கார வைக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது, ஒரே டிக்கெட்டில் இருந்தால் போதும். ஆனால் அது குழந்தைக்குத்தான். பாட்டி எங்கே உட்காருவார் என்பதற்கு அதில் பதில் இல்லை. "பாப்பாவ பிரிக்க மாட்டாங்க, அம்மாவ பிரிச்சிடுவாங்க" என்றார் பாய். கட்டிவிட்டேன், அதில் வருத்தம் இல்லை. வீல்சேரையும் டிக்கெட்டிலேயே பதிந்துவிட்டார். கவுன்டரிலிருந்து விமானக் கதவு வரை தள்ளிக்கொண்டு போனார்கள், எங்களிடம் தனியாகப் பணம் கேட்கவில்லை.

விமானத்துக்குள் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அம்மா உட்கார வேண்டும் என்றால் முட்டியை மடக்கி, பக்கவாட்டில் நகர்ந்து, கைப்பிடியைச் சுற்றி உள்ளே நுழைய வேண்டும். அதற்கே திணறினார். பணிப்பெண் ஒருவர் வந்து, குனிந்து, வழி ஓரக் கைப்பிடியின் அடியில், முதுகுச் சாய்வோடு சேரும் மூலையில் விரலை விட்டார். அங்கே ஒரு சின்னப் பொத்தான், கண்ணுக்குத் தெரியாது, தடவினால்தான் தட்டுப்படும். அதை அழுத்தியபடி கைப்பிடியை மேலே தூக்கினார், அது முதுகோடு போய் நின்றது. அம்மா வழியிலிருந்தே நேராகப் பின்பக்கமாக உட்கார்ந்து, காலை மெதுவாகத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். பல விமானங்களில் இது இருக்கிறது, எல்லா வரிசையிலும் இருக்காது. யாரும் சொல்லித் தருவதில்லை. விமானம் மேலே ஏறும்போதும் தரையிறங்கும்போதும் கைப்பிடி கீழே இருக்க வேண்டும் என்று சொல்லி, அவரே வந்து இறக்கியும் விட்டார்.

மணிக்கு ஒரு தடவை நான் எழுந்து அம்மாவைக் கழிப்பறை வரை நடத்திக் கூட்டிப்போய் வந்தேன். நடுசீட்டிலோ ஜன்னலிலோ இருந்திருந்தால், மற்றவர்களை எழுப்ப வேண்டுமே என்று கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். அவரை எனக்குத் தெரியும். சாங்கியில் இறங்கியபோது வலது கணுக்காலில் நான் பயந்த வீக்கம் இல்லை. பணிப்பெண் வருவதற்குள் அம்மா தானே கைப்பிடிக்கு அடியில் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அம்மா தனியாகத் திரும்ப வேண்டும். நேற்று பாய்க்கு போன் செய்தேன். அதே ஏ320, ஆறாவது வரிசை, சி. பணம் அனுப்பிவிட்டேன். வண்டி மாறியிருக்கிறதா என்று கிளம்புகிற வாரம் தினமும் பார்த்து, மாறினால் உடனே கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.