யுகுலேலே தந்தி மாற்றம்: ஒவ்வொன்றாகவா, ஒரேயடியாகவா?

குட்டிக் கிட்டார் போன்ற நான்கு தந்திக் கருவியான யுகுலேலேவுக்குத் தந்தி மாற்றுவது முதல்முறை என்றால் ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள். கழுத்து வளைந்துவிடும் என்ற பயத்தால் அல்ல. நைலான் தந்திகளின் இழுவிசை குறைவு, கொஞ்ச நேரம் தந்தியில்லாமல் கிடந்தால் ஒன்றும் ஆகாது. முடிச்சுதான் காரணம். பிரிட்ஜ், அதாவது கருவியின் உடலில் தந்திகளைக் கட்டும் மரத்துண்டு; அதன் ஓட்டையில் நுழைந்த தந்தி தன்னையே எப்படிச் சுற்றுகிறது என்பதைப் பக்கத்துத் தந்தி காட்டிக்கொண்டே இருக்கும். தந்தியின் வால் பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே அமுங்க வேண்டும். மேலே நின்றால், முறுக்கும்போது சரக்கென்று உருவிக்கொள்ளும். எனக்கு இரண்டு தடவை உருவியது.

வரிசையும் குழம்பாது. வழக்கமான ஜி, சி, இ, ஏ சுருதியில் தடித்தது இரண்டாவதான சி. கிட்டார் பழக்கத்தில் அதை ஓரத்தில் மாட்டிவிடுவார்கள்.

நான்கையும் கழற்றினால் விரல்பலகையை நன்றாகத் துடைக்கலாம், அவ்வளவுதான் லாபம். பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய பட்டையான சாடில் பெரும்பாலும் ஒட்டப்பட்டிருக்காது. கருவியைக் கவிழ்த்தால் விழுந்துவிடும், எந்தப் பக்கம் முன்னே இருந்தது என்று அப்புறம் முழிக்க வேண்டும். கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் சரி, புதுத் தந்தி சில நாள் நீண்டுகொண்டே இருக்கும். வாசிக்க உட்காரும்போதெல்லாம் சுருதி இறங்கியிருக்கும்.