கடைக் கம்ப்யூட்டருக்கு உபுண்டுவா, மிண்டா?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. ஈரோட்டில் எங்களுடையது எலக்ட்ரிகல் சாமான் கடை. நான்கு கம்ப்யூட்டர்கள், எல்லாமே இன்டெல் நான்காம், ஆறாம் தலைமுறை ஐ3 புராசஸர் உள்ளவை. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். பழைய விண்டோஸிலேயே இருக்கிறேன் என்றால், தொழில் நிறுவனங்களுக்கு முதல் வருட நீட்டிப்பு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடம் அது இருமடங்கு. நன்றாக ஓடுகிற பெட்டிகளுக்கு இப்படித் தண்டம் அழவும் மனசில்லை, அவற்றைப் பழைய இரும்புக்குப் போடவும் மனசில்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினோம். அதில் உபுண்டு, மிண்ட் என்று பல வகைகள் உண்டு. மூன்றில் லினக்ஸ் மிண்ட் போட்டாயிற்று. நான்காவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

லினக்ஸ் என்று முடிவான பிறகு கடைசிவரை போட்டியில் நின்றவை உபுண்டுவும் மிண்டும்தான். பல விஷயங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டும் இலவசம். மிண்ட் 22 எழுந்து நிற்பதே உபுண்டு 24.04-இன் மேல்தான், இரண்டுக்கும் 2029 வரை அப்டேட் வரும். லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் ஒன்றே. ஜிஎஸ்டி தளம், இ-வே பில், பேங்க், வாட்ஸப் வெப், எங்கள் பில்லிங் எல்லாமே பிரவுசரில் நடப்பதால் அங்கேயும் பிரச்சினை இல்லை. தமிழ் டைப்பிங்குக்கு இரண்டிலும் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கிறது.

தோற்றத்தைப் பற்றி ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். மிண்டின் சின்னமன் முகப்பில் விண்டோஸ் மாதிரியே இடது கீழ் மூலையில் மெனு இருக்கும். உபுண்டுவில் பட்டை இடது ஓரம் நிற்கும். பில் போடும் பையனுக்கு எதுவானாலும் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். 4 ஜிபி ராம் மட்டும் உள்ள பெட்டி என்றால் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இன்னும் லேசாக ஓடும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது பராமரிப்பு. விண்டோஸில் கோளாறு என்றால் போன் போட்ட அரை மணி நேரத்தில் சர்வீஸ் ஆள் வந்துவிடுவார். லினக்ஸ் என்று சொல்லிப் பாருங்கள், "ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுரலாமா சார்?" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்க்கும் நூறு பெட்டியில் ஒன்றுகூட லினக்ஸாக இருக்காது. அதனால் ஒரு அப்டேட் சொதப்பி, காலையில் கடை திறக்கும் நேரத்தில் திரை கறுப்பாக நின்றால் யார் சரி செய்வது? சிறிய கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இங்கேதான் டைம்ஷிஃப்ட் வருகிறது. சிஸ்டம் ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே பிடித்து வைக்கும் கருவி இது. முதல் பிரதி சில ஜிபி பிடிக்கும். அப்புறம் மாறிய கோப்புகளுக்கு மட்டும்தான் இடம் போகும். கம்ப்யூட்டர் கிளம்பவே மறுத்தாலும், மிண்ட் உள்ள பென்டிரைவில் கிளப்பி, டைம்ஷிஃப்டைத் திறந்து, போன வாரத் தேதியைத் தேர்ந்தெடுத்து மீட்டெடுக்கச் சொன்னால் போதும். கட்டளை எதுவும் அடிக்க வேண்டாம். இதை உபுண்டுவிலும் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் மிண்டில் அது கூடவே வருகிறது, முதல் நாள் வரவேற்புத் திரையிலேயே அமைக்கச் சொல்கிறது, அமைக்காமல் விட்டால் அப்டேட் மேனேஜர் நச்சரிக்கிறது. மறதிக்காரர்களுக்கு அந்த நச்சரிப்பு தேவை.

ஒரு விஷயத்தை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். டைம்ஷிஃப்ட், சொல்லாமல் விட்டால், நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைத் தொடாது. அது ஒரு வகையில் நல்லது: சிஸ்டத்தைப் பின்னுக்கு இழுத்தாலும் ஹோமில் உள்ள இன்றைய எக்செல் கணக்கு அப்படியே இருக்கும். ஆனால் ஹார்ட் டிஸ்க் போனால் அந்தக் கணக்குக்குப் பிரதி கிடையாது. அதற்குத் தனி பேக்கப் வேண்டும். பில்லிங் மென்பொருளின் டேட்டாபேஸ் அதே பெட்டியில் இருந்தால் கதை தலைகீழ். மையஸ்கியூஎல் மாதிரி டேட்டாபேஸ்கள் ஹோமுக்கு வெளியே, சிஸ்டம் பகுதியில் உட்கார்ந்திருக்கும். சிஸ்டத்தைப் போன வாரத்துக்கு இழுத்தால் பில்களும் போன வாரத்துக்குப் போய்விடும். முதலில் டேட்டாபேஸைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மீட்டெடுப்பில் கை வைக்க வேண்டும்.

உபுண்டுவுக்குச் சேர வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். அது பாதுகாப்பு அப்டேட்டுகளைக் கேட்காமலே போட்டுக்கொள்ளும். யாருமே கவனிக்காத பெட்டிக்கு அதுதான் சரி. மிண்டில் தானியங்கி அப்டேட்டை நாமே போய் இயக்க வேண்டும், இல்லையென்றால் மாதக்கணக்கில் தேங்கிவிடும். ஆனால் உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற, தானே புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருள் பொதி வடிவில் வருகிறது. ஸ்னாப் ஒரு நாளைக்கு நான்கு தடவை புதிதாக ஏதாவது உண்டா என்று பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும். நிறுத்தி வைக்க வழி இருக்கிறது, அதற்குக் கட்டளை அடிக்க வேண்டும். மிண்ட் 2020-இலிருந்தே ஸ்னாபை வாசலில் நிறுத்திவிட்டது. பில்லிங்கே பிரவுசரில் நடக்கிற கடையில், பிரவுசர் எப்போது மாறும் என்பதை நான் முடிவு செய்வதே எனக்கு நிம்மதி. பத்து இருபது கம்ப்யூட்டர் உள்ள அலுவலகத்துக்கு என் கணக்கு பொருந்துமா என்றால், அந்த அளவில் நான் ஓட்டியதில்லை. அங்கே ஆள் வைத்துப் பார்ப்பார்கள் என்பதால் உபுண்டுவே வசதியாக இருக்கலாம்.

சரி, அந்த நான்காவது கம்ப்யூட்டர். நாங்கள் கணக்கு எழுதும் மென்பொருளான டேலி பிரைம் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட வைக்கும் வைன் மூலம் அதை ஓட்டுகிறவர்கள் உண்டு. கணக்குப் புத்தகத்தை வைத்து அந்தச் சோதனையில் இறங்க நான் தயாரில்லை. அதனால் அதற்குப் பதிலாக விண்டோஸ் 11 உள்ள ஒரு செகண்ட்ஹேண்ட் பெட்டி வாங்கி, டேலியை மட்டும் அதில் வைத்திருக்கிறோம். எங்களுடையது ப்ரொப்ரைட்டர்ஷிப் என்பதால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஓடிபி-யிலேயே முடிந்துவிடுகிறது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி என்றால் டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேண்டும். அவர்களுக்கும் அந்த ஒரு விண்டோஸ் பெட்டி கைகொடுக்கும்.

பிரிண்டர் விஷயத்தில் உபுண்டுவும் மிண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஒன்றில் ஓடாதது மற்றதிலும் ஓடாது. ஹெச்பி மாடல்கள் பெரும்பாலும் தகராறு செய்வதில்லை. டாட் மேட்ரிக்ஸும் ஓடும், ஆனால் பிரவுசரிலிருந்து அடித்தால் படமாக அடிப்பதால் மெதுவாகத்தான் நகரும். மலிவு லேசர்களில் சிலவற்றுக்குத்தான் டிரைவர் கிடைக்காமல் அலைய வேண்டியிருக்கும். எதையும் இன்ஸ்டால் செய்யும் முன்பு பென்டிரைவில் மிண்டைக் கிளப்பி, கடையில் உள்ள ஒவ்வொரு பிரிண்டரிலும் ஒரு பில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.