இரண்டு பிள்ளைகள் வரை உழைத்த கர்ப்பகால உடுப்புகள்

கர்ப்பகால உடை வாங்கப் போகிறவர்கள் வயிற்றை மட்டும் மனத்தில் வைத்து வாங்காதீர்கள். வயிறு பெரிதாகத் தெரிவது நாலைந்து மாதம்தான். அதன்பிறகு பால் கொடுக்கும் மாதங்கள் அதைவிட நீளம். மார்புப் பக்கம் திறக்க முடியாத உடுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரசவத்தோடு அலமாரிக்குப் போய்விடும். மூத்தவளுக்கு வாங்கியதில் எவை சின்னவனுக்கும் உழைத்தன என்று பார்த்த பிறகு இதை உறுதியாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் முதலில் பார்க்க வேண்டியது துணி. மதியம் 32, 33 டிகிரி வெயில், கூடவே புழுக்கம். கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய பாதி அளவு கூடுகிறது. சாதாரண நாளில் உறைக்காத சூடுகூட அப்போது உறைக்கும், முதுகு நனையும். அதே வேர்வையோடு எம்ஆர்டி ரயிலில் ஏறினால் ஏசி குளிர் அடிக்கும், அலுவலகத்தில் அதைவிட மோசம். பாலியஸ்டர் கவுன் கடைக் கண்ணாடியில் மடிப்பு கலையாமல் நிற்கும்தான். ஆனால் அதை உடுத்திக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றால் அக்குளிலும் வயிற்றுக்குக் கீழேயும் அரிக்க ஆரம்பித்துவிடும். மெல்லிய பருத்தி, கொஞ்சம் ஸ்பாண்டெக்ஸ் (இழுபடும் இழை) கலந்த பருத்தி, மோடல் என்கிற மரக்கூழ் இழைத் துணி மூன்றும் எனக்கு ஒத்துவந்தன. விஸ்கோஸ் மிருதுவாக இருந்தாலும் துவைக்கத் துவைக்க நீளம் குறைகிறது. கர்ப்பிணிக்கு முன்பக்கம் ஒரு அங்குலம் குறைந்தாலும் அது பெரிய விஷயம்.

ஏன் என்றால், வயிறுதான் முன்பக்கத் துணியைத் தூக்கிக்கொள்கிறது. “பேசாமல் ரெண்டு சைஸ் பெரிசா எடுத்துக்கோ” என்று அண்ணி, சித்தி எல்லோரும் சொல்வார்கள். அப்படி எடுத்தால் தோளும் கையும் தொளதொளவென்று கிடக்கும், முன் விளிம்பு மட்டும் மேலே ஏறி நிற்கும். கர்ப்பகாலத்துக்கென்று வெட்டிய உடையில் முன்பக்கம் நீளமாக விட்டிருப்பார்கள், பக்கவாட்டில் சுருக்கமும் இருக்கும். அதனால் கர்ப்பத்துக்கு முன் நீங்கள் போட்ட அளவையே கேட்டு வாங்கலாம்.

வேலைக்கான உடையில் கணக்குப் பார்த்து வாங்குங்கள். பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளதாக இருந்தால் இங்கே மகப்பேறு விடுப்பு 16 வாரம், அதில் 4 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். பழைய உடை இறுக ஆரம்பிப்பது பலருக்கு நாலாம், ஐந்தாம் மாதத்தில். ஆக அலுவலகத்துக்குத் தனி உடை தேவைப்படுவது சுமார் நாலு மாதம். அதற்காகப் புதிதாக அள்ளிக்கொண்டு வருவது அவசியமே இல்லை. என்னுடைய அலுவலகக் கவுன்களில் பாதி, பழைய பொருள் விற்கும் கரோசெல் செயலியில் வாங்கியவை. கர்ப்பகால உடையை யாரும் கிழியும்வரை உடுத்துவதில்லை, அதனால் நல்ல நிலையில் கிடைக்கிறது.

கால்சட்டையிலும் லெகிங்ஸிலும் இரண்டு வகை. ஒன்றில் பட்டி வயிற்றுக்குக் கீழே நிற்கும், இன்னொன்று வயிற்றை மூடி மேலே வரும். வெக்கைக்குக் கீழே நிற்பதுதான் சுகம் என்று தோன்றும். ஆனால் எட்டாம் மாதம் நடக்க நடக்க அது வழுக்கும், இழுத்து இழுத்து விட வேண்டியிருக்கும். சிசேரியன் ஆனால் அந்தப் பட்டி சரியாகத் தையல் மேலேயே உரசும். மூத்தவள் அப்படித்தான் பிறந்தாள். வயிற்றை மூடும் யூனிக்லோ லெகிங்ஸ்தான் அந்த வாரங்களில் என்னைக் காப்பாற்றியது. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம் போல ஆகும், அதுவரை பழைய கால்சட்டையைத் தொடக்கூட முடியாது. சின்னவனுக்கும் அதே லெகிங்ஸ்தான், எலாஸ்டிக் இன்னும் தளரவில்லை.

வீட்டுக்கு நைட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. முஸ்தபாவிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் பருத்தி நைட்டி மலிவாகவே கிடைக்கிறது. முன்னால் ஜிப் வைத்ததைவிட, மார்பின் இரண்டு பக்கமும் மறைவாகத் திறப்பு வைத்தது நல்லது. ஜிப்பின் பல் பிள்ளையின் கன்னத்தில் படும். வெளிர் நிறமும் வேண்டாம், பால் கசிந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும், பத்திய காலத்து எண்ணெயும் மஞ்சளும் போகவே போகாது. அடர் நிறத்தில் பூப்போட்டது எல்லாவற்றையும் மறைத்துவிடும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கம்பத்தில் காயப்போடுகிறவர்களுக்கு இன்னொன்று: டிசம்பர், ஜனவரி மழையில் மெல்லிய நைட்டி ஒரு நாளில் காயும், கனமான ஜீன்ஸ் துணி வாடை பிடித்துவிடும்.

வளைகாப்புப் புடவைக்கு ரவிக்கைதான் சிக்கல். தேக்காவில் தைக்கும் அக்காவிடம் ஆறாம் மாதமே போய் நின்றேன். “இப்ப அளவு எடுத்தா பத்தாதும்மா, வளைகாப்புக்குப் பத்து நாள் இருக்கையில வா” என்று திருப்பி அனுப்பினார். அது எவ்வளவு சரி என்று ஒன்பதாம் மாதம் தெரிந்தது. மார்பு மட்டுமல்ல, விலா எலும்புக் கூடே விரிந்திருந்தது. முன்னால் கொக்கி, இரண்டு பக்கமும் உள்ளே பிரித்துவிடத் தாராளமாகத் துணி, இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பாவாடைக்கு நாடா வேண்டாம், அகல எலாஸ்டிக் போடச் சொல்லுங்கள். சடங்கு முடிய வெகுநேரம் உட்கார வேண்டும், நாடா இடுப்பை அறுத்துவிடும். தையலைப் பிரித்தும் பிடித்தும் அந்த ரவிக்கையை இன்றும் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிறேன்.

மிச்சப்படுத்திய காசை எதில் போடலாம் என்று கேட்டால், பால் கொடுக்கும் பிராவில் போடுங்கள். கம்பி வைத்தது வேண்டாம். 36வது வாரம் போல வாங்கினால் போதும். கடைசிக் கொக்கியில், அதாவது ஆகத் தளர்வான இடத்தில், சரியாக நிற்பதாகப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு விலா சுருங்கும்போது உள்ளே உள்ள கொக்கிக்கு மாறிக்கொள்ளலாம். மார்புக் கிண்ணத்தில் மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள், பால் இறங்கும் நாட்களில் அது நிறைந்துவிடும். ஒரே கையால் கொக்கியைக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். அடுத்த கையில் பிள்ளை இருக்கும்.