கடிக்கிற புள்ளைய வெளிய அனுப்பாத பிரீஸ்கூல்

சிகாகோ பக்கம் இருக்கோம், பையனுக்கு மூணு வயசு. பழைய டேகேர்ல இவன் கடிச்சுட்டான்னு வாரத்துக்கு ரெண்டு தடவ போன் வரும், வந்து கூட்டிட்டு போங்கன்னு, கடைசில வேற இடம் பாத்துக்கோங்கன்னே சொல்லிட்டாங்க, அன்னிக்கு கார்ல உக்காந்து அழுதேன். நடத்தைய காரணம் காட்டி சின்ன புள்ளைங்கள லைசென்ஸ் வாங்கின டேகேர்லேந்து நீக்கக்கூடாதுன்னு எங்க இல்லினாய் மாநிலத்துல 2018 ஜனவரிலேந்தே சட்டம் இருக்கு, அப்போ எனக்கு தெரியவே தெரியாது.

இப்போ போற பிரீஸ்கூல் ரொம்ப நல்லாருக்கு. எப்போ கடிக்கிறான், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு டீச்சர் ஒரு நோட்டுல எழுதிட்டே வந்தாங்க, பாத்தா எல்லாமே விளையாட்ட நிறுத்தி சாப்பிட கூப்பிடுற நேரம்! இப்போ அஞ்சு நிமிஷம் முன்னாடியே தட்டு படம் போட்ட அட்டைய கைல குடுத்துடுறாங்க, அவனே கொண்டு போயி மேசைல வைக்கிறான். மாசம் ஒரு தடவ சின்ன புள்ளைங்க மனநல ஆலோசகர் ஒருத்தர் கிளாஸ்ல உக்காந்து பாத்து டீச்சருக்கு வழி சொல்றாங்க, இப்படி ஆள் வர்ற கிளாஸ்ல புள்ளைங்கள நீக்குறது கம்மின்னு 2005 யேல் யுனிவர்சிட்டி ஆய்வுலயே இருக்கு.

ஃபீஸ் ஜாஸ்தி தான், பார்க்கிங்கும் கஷ்டம். ஆனா மூணு வாரமா ஒரு போன் கூட வரல. அஞ்சு ஸ்டார்.