தாடை மூட்டு நோவுக்கு வெள்ளவத்தையில் ஒரு நல்ல பல் கிளினிக்

தங்கச்சிக்கு வலப்பக்கக் காதடியில் மாதக்கணக்காக நோ. காதுக்குச் சொட்டு மருந்து விட்டும் குறையவில்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் இந்தச் சின்னக் கிளினிக்கில்தான், நோ காதில் இல்லை, தாடை மூட்டில் என்று விஷயம் தெளிந்தது.

டொக்டரம்மா எடுத்தவுடனே எக்ஸ்ரேக்கு அனுப்பவில்லை. காதுக்கு முன்னால் விரலை வைத்து, "வாயை மெல்லத் திறவுங்கோ பிள்ளை" என்றார். 'டக்' என்ற சத்தம் எனக்கே கேட்டது. தாடை எலும்புக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. முன்னால் நழுவிய அது, வாய் திறக்கும்போது இடத்துக்குத் திரும்புகிற சத்தம்தான் அது. நோ இல்லாமல் வெறும் சத்தமென்றால் வைத்தியமே தேவைப்படாதாம். கன்னத் தசையை அழுத்தியதும் தங்கச்சி துள்ளிவிட்டாள்.

அப்புறம் கேள்விகள்: நித்திரையில் பல்லை நறநறக்கிறாளா, தாடையில் எப்போதாவது அடிபட்டதா, வேறு மூட்டுகளில் வாதம் உண்டா, சோதனைக் காலமா? ஏ.எல். படிக்கிற பிள்ளை, புத்தகத்தை விரித்தாலே பல்லைக் கடித்தபடிதான் இருப்பாள். பல காரணங்கள் சேர்ந்துதான் இது வரும், ஒன்றை மட்டும் தேடாதீர்கள் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

இரவில் போட ஒரு பற்கவசம், சுடுநீர் ஒத்தடம், கொஞ்ச நாளைக்கு முறுக்கும் சூயிங்கமும் இல்லை. பல்லை ராவிச் சரிசெய்யலாமா என்று கேட்டேன். திரும்ப மாற்ற முடியாத வேலைக்கு அவசரப்படக் கூடாது என்று மறுத்துவிட்டார். அந்த நேர்மைக்காகவே இதை எழுதுகிறேன். கதிரைகள் போதாது, பின்னேரம் நல்ல சனம். முதலே போன் எடுத்து நேரம் கேட்டுவிட்டுப் போங்கள்.