வீட்டிலேயே தோட்டா நிரப்புதல்: சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பணம் மிச்சமாகும் என்ற கணக்கோடு ரீலோடிங்கில், அதாவது சுட்ட தோட்டாவின் கூட்டை மறுபடி நிரப்பும் வேலையில், இறங்கினால் ஏமாற்றம்தான். ஒரு தோட்டாவுக்கான செலவு குறைவது உண்மை. குறைந்த கையோடு இரண்டு மடங்கு சுடத் தொடங்கிவிடுவோம் என்பதும் உண்மை. நான் டெக்சாஸில் வசிக்கிறேன். .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கும் .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கும் சில ஆண்டுகளாக நானே நிரப்பி வருகிறேன். சொந்தப் பயன்பாட்டுக்கு இங்கே உரிமம் தேவையில்லை. விற்பதைத் தொழிலாகக் கொண்டால் வேண்டும். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்து ஆசைப்பட வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது இந்தியாவில் குற்றம்.

சுட்டு முடித்த தோட்டாவில் மறுபடி உதவுவது பித்தளைக் கூடு மட்டுமே. கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிதான் பிரைமர். வெடித்த பிரைமரைத் தள்ளி, விரிந்த கூட்டை டை என்னும் அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை அளந்து கொட்டி, குண்டைப் பதிக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. .38இல் செய்வதற்கும் எளிதுதான்: கூடு நேரான குழாய், கார்பைடு என்ற கடினப் பொருளாலான டை வாங்கினால் எண்ணெய்கூடத் தேவையில்லை. .308 அப்படியல்ல. மசகு போடாமல் அழுத்தினால் கூடு டைக்குள் இறுகிவிடும். சுடச்சுடக் கழுத்து நீளும், 2.015 அங்குலத்தைத் தாண்டினால் வெட்டிச் சீராக்க வேண்டும். கழுவுவது, அளப்பது, வெட்டுவது, பிசிறு நீக்குவது என்று பாதி நேரம் இதிலேயே போய்விடும். விளம்பரப் படங்களில் இந்த வேலையை யாரும் காட்டுவதில்லை.

சுடுதளத்தில் கிடக்கும் கூடுகளைப் பொறுக்குகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பது நல்லது. அடியில் நடுவே ஒற்றைத் துளை இருந்தால் பாக்ஸர் வகை, பயன்படும். இரண்டு சிறு துளைகள் என்றால் பெர்டான். டையின் ஊசிதான் உடையும். இந்த வகைகளை உருவாக்கியவர்களில் பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது ஆங்கிலேயரின் வகை. இந்த விசித்திரத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

கருவிகளில், கூட்டை டைக்குள் அழுத்தும் பிரஸ்ஸைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் விவாதிக்கிறார்கள். என் கணிப்பில் அது இரண்டாம்பட்சம். ஒரே டை பொருத்தும் வார்ப்பிரும்புப் பிரஸ் போதும். தண்டில் அவ்வப்போது எண்ணெய் விட்டால் அடுத்த தலைமுறைக்கும் உழைக்கும். டைகளின் புரி பெரும்பாலும் ஒரே அளவு என்பதால் எந்த நிறுவனத்தின் டையையும் அதில் மாட்டலாம். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா விழும் புரோகிரசிவ் பிரஸ் தொடக்கத்தில் வேண்டாம். ஒரே நேரத்தில் நான்கு வேலை நடக்கும்போது எதைக் கவனிப்பது?

காசைத் தராசு வாங்கச் செலவிடுங்கள். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின். நாம் அளப்பதோ கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை. மலிவான மின்னணுத் தராசு ஒன்றை வைத்திருந்தேன். ஏ.சி. ஓடினால் எண் நகரும், அறை சூடானாலும் நகரும். இப்போது பழைய பாணித் துலாக்கோல் தராசுதான். மெதுவானது, ஆனால் சோதனை எடைக்கல் வைத்தால் எப்போதும் ஒரே பதில்.

தராசை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் .38 ஸ்பெஷல். 1898 வாக்கில், கரும்பொடி மருந்தை மனத்தில் வைத்து உருவான கூடு அது. இன்றைய மருந்து அதன் அடியில் சிறிதளவே கிடக்கும். தவறி இருமுறை கொட்டினாலும் நிரம்பி வழியாது, அதனால் கண்ணில் படாது. அதைச் சுட்டால் துப்பாக்கியே சிதறலாம். மருந்தே இல்லாமல் போனால் வேறு ஆபத்து: பிரைமரின் விசையில் குண்டு குழலுக்குள் பாதி வழியில் நின்றுவிடும், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். அதனால் குண்டு பதிக்கும் முன் கூடுகளை மரப்பலகையில் வரிசையாக நிறுத்தி, விளக்கடித்து ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். அளவுகளை மருந்து நிறுவனத்தின் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்கிறேன். குறைந்த அளவில் தொடங்குகிறேன். நண்பர் சொன்ன அளவு அவருடைய துப்பாக்கிக்கு உரியது.

பிரைமர் எச்சத்தில் ஈயம் உண்டு. வேலை முடிந்ததும் கை கழுவாமல் காபிக் கோப்பையைத் தொடாதீர்கள்.

2020இல் தொடங்கிய தட்டுப்பாட்டில் பிரைமர் அலமாரிகள் காலியாகக் கிடந்தன. கூடும் குண்டும் மருந்தும் கையில் இருந்தும் பயனில்லை, பிரைமரை வீட்டில் செய்துகொள்ள முடியாது. அன்றிலிருந்து விலை இறங்கும்போது பிரைமரைத்தான் முதலில் வாங்குகிறேன்.

மொத்தத்தில் .308க்கு இந்த உழைப்பு தகும்: என் ரைஃபிளுக்கு ஏற்ற குண்டையும் மருந்தையும் தேடிக் கண்டபின் இலக்கில் துளைகள் நெருங்கி விழுகின்றன. 9 மி.மீ. தோட்டாவை மட்டும் இன்றும் கடையில்தான் வாங்குகிறேன்.